எங்காளைப் பேச விடுய்யா!

இரவு எட்டு மணிக்கு ஏதாவது ஒரு வீட்டில் டி.வி. சத்தம் ஏறி இறங்கி, ஏறி இறங்கி வந்தால் ரிமோட்டில் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே விவாத ரசிகர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய கட்சிக்காரர் வாயைத் திறந்தால் சத்தம் முப்பதுக்குப் போகும். எதிர்க்கட்சிக்காரர் தொடங்கினால் எட்டுக்கு இறங்கும். எட்டில் வைத்துக் கேட்டுவிட்டு, “அவன் பேசுறதுல ஒண்ணுமே இல்ல, கவனிச்சீங்களா?” என்பார்.

ஆள் பெரும்பாலும் பென்ஷன் வாங்குகிறவர். கைலி, பனியன், பிளாஸ்டிக் நாற்காலி. ரிமோட்டுக்குப் பாலிதீன் உறை போட்டு ரப்பர் பேண்ட் சுற்றியிருப்பார்; அந்த உறையில் வால்யூம் பொத்தான் இருக்கும் இடம் மட்டும் கிழிந்திருக்கும். எட்டு மணி சீரியலை இவரிடம் பறிகொடுத்த மனைவி செல்போனில் இயர்போன் மாட்டிக்கொண்டு அடுப்படியில் நிற்பார். “நேர்படப் பேசு”, “ஆயுத எழுத்து”, “காலத்தின் குரல்” எதுவானாலும் விளம்பர இடைவேளையில்தான் தோசை. இடைவேளை முடியும்போது மூன்றாவது தோசை கல்லில் இருந்தால் அது அந்தத் தோசையின் தலையெழுத்து.

விவாதம் தொடங்குவதற்கு முன்பே அவருடைய வேலை பாதி முடிந்துவிடும். திரையில் கட்டம் கட்டமாக முகங்கள் வரும்போதே, பெயருக்குக் கீழே போட்டிருக்கும் பட்டத்தைப் படித்துத் திருத்தம் சொல்லத் தொடங்குவார். “அரசியல் விமர்சகராம்! போன எலெக்‌ஷன்ல அவங்களுக்கு வேலை பார்த்தவன்யா இவன்!” அதே விமர்சகர் பத்தாவது நிமிடத்தில் இவர் கட்சிக்குச் சாதகமாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். “நடுநிலைன்னா இவர்தாம்ப்பா. மனசுல பட்டதச் சொல்றாரு.”

வாதத்தைக் கேட்டு ரசிப்பது நமக்குப் புதிதில்லை. மணிமேகலையிலேயே பட்டிமண்டபம் வந்துவிட்டது. சாலமன் பாப்பையா நடுவராக உட்கார்ந்தால் பண்டிகை நாளில் குடும்பமே இலையைப் போட்டுக்கொண்டு பார்த்தது. அங்கே கடைசியில் ஒரு தீர்ப்பு இருக்கும். பேசிய இருவருமே நல்ல பிள்ளைகள் என்று சொல்லி முடித்தாலும் அதுவும் ஒரு தீர்ப்புதான். செய்திச் சேனல் விவாதத்தில் அந்த வழக்கம் இல்லை. நான்கு பேரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருக்கும்போது நெறியாளர், “நேரமின்மை காரணமாக நிறைவு செய்கிறோம்” என்று கும்பிட்டுவிடுவார். தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு நம்மவர் தலையில் விழுகிறது. அவர் அதை ஏழு ஐம்பத்தைந்துக்கே எழுதி வைத்திருக்கிறார் என்பது வேறு விஷயம்.

மதுரைப் பக்கம் ஒரு மாடி வீடு. கீழே வீட்டுக்காரர், இரட்டை இலை. மேலே குடியிருப்பவர், உதயசூரியன். வாடகை, தண்ணீர் மோட்டார், வண்டி நிறுத்தும் இடம் எதிலும் ஒரு சச்சரவு கிடையாது. எட்டு மணிக்கு இருவரும் ஒரே சேனல். மாடிப்படியில் நின்றால் இரண்டு வீட்டுச் சத்தமும் கேட்கும். நெறியாளர் குறுக்கிட்டு, “கேள்விக்கு வாங்க சார், கேள்விக்கு வாங்க” என்கிறார். கீழிருந்து, “எங்காளைப் பேச விடுய்யா! காசு வாங்கிட்டு உட்காந்திருக்கான்.” ஐந்து நிமிடம் கழித்து அதே நெறியாளர் அதே வார்த்தையை அடுத்த கட்டத்தைப் பார்த்துச் சொல்கிறார். மேலிருந்து, “எங்காளுன்னா மட்டும் குறுக்கே வந்துருவியே! எவ்வளவு குடுத்தாங்க?” இரண்டு பக்கமும் காசு வாங்கியும் அந்த மனிதர் ஒரே கோட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டு வருகிறாரே என்று இருவருக்குமே தோன்றுவதில்லை.

இது மதுரைக்கு மட்டும் உள்ள வியாதி அல்ல. 1982-இல் பெய்ரூட்டில் பாலஸ்தீன அகதி முகாம்களில் நடந்த படுகொலை பற்றிய டி.வி. செய்திகளை, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இஸ்ரேல் ஆதரவு மாணவர்களுக்கும் அரபு ஆதரவு மாணவர்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். 1985-இல் வெளியான ஆய்வு அது. ஒரே படத்தைப் பார்த்துவிட்டு, செய்தி தங்களுக்கு எதிராகச் சாய்ந்திருக்கிறது என்று இரு தரப்பும் சொன்னது. எந்தப் பக்கமும் சேராத ஒருவர் இதைப் பார்த்தால் நம்மைப் பற்றித் தப்பாகத்தான் நினைப்பார் என்றும் இரு தரப்பும் கவலைப்பட்டது. அந்தக் கவலைதான் நம் கீழ்வீட்டுக்காரரை ராத்திரி தூங்கவிடுவதில்லை. “எனக்குத் தெரியும், உண்மை என்னன்னு. பாக்குற ஜனம் ஏமாந்துருமே!” பார்க்கிற ஜனத்தில் மேல்வீட்டுக்காரரும் ஒருவர், அவருக்கும் இதே கவலை.

ஆனால் எதிராளி மீது இவருக்கு உண்மையில் பெரிய கோபம் இல்லை. அவன் அப்படித்தான் பேசுவான், அவன் பிழைப்பு அது. நெஞ்சு எரிவதெல்லாம் தன் கட்சிப் பேச்சாளரைப் பார்க்கும்போதுதான். எதிராளி ஒரு கேள்வியை வீசுகிறார். பதில் இவர் நாக்கு நுனியில் நிற்கிறது. “போன ஆட்சியில நீ என்ன கிழிச்சேன்னு கேளு! கேளுடா!” பேச்சாளர் கேட்பதில்லை. கையில் இருக்கும் காகிதத்தைப் புரட்டுகிறார். “என்னத்தடா பொரட்டுற, நிமிந்து பாருடா.” அவர் நிமிர்ந்து, “அதாவது தோழர், ஒரு விஷயத்தைப் புரிஞ்சுக்கணும்” என்று தொடங்குகிறார். “போச்சு. தோழருங்கிறான். சாஃப்டா போறான். முடிஞ்சுது கதை.” தொடையில் அறைந்துகொள்வார். கட்சியில் இத்தனை பேர் இருக்க இவனைப் போய் யார் அனுப்பினது என்று சுவரைக் கேட்பார். தன்னை அனுப்பியிருக்கலாமே என்ற ஏக்கம் அந்தக் கேள்விக்குள் இருக்கும். வீட்டில் யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை.

எதிராளி தண்ணீர் குடித்தால், “தண்ணி குடிக்க வச்சுட்டான்ல!” தன் ஆள் குடித்தால், “அங்க ஏ.சி. போடலபோல.” சிரிக்க வேண்டாம். 1960-இல் அமெரிக்காவில் கென்னடியும் நிக்சனும் முதல்முறையாக டி.வி.யில் மோதினார்கள். அன்றைக்கு நிக்சன் என்ன பேசினார் என்று கேட்டால் சொல்ல ஆள் அகப்படாது. அவருக்கு வேர்த்தது இன்றுவரை நினைவிருக்கிறது.

அங்கே தலைவர்களே வந்து நின்றார்கள். இங்கே அந்த வழக்கம் இல்லை. 2024 மக்களவைத் தேர்தலின்போது ஓய்வுபெற்ற நீதிபதிகள் மதன் லோக்கூர், அஜித் ஷா, பத்திரிகையாளர் என். ராம் மூவரும் மோடியையும் ராகுல் காந்தியையும் பொதுமேடையில் விவாதிக்க அழைத்தார்கள். ராகுல் வருகிறேன் என்றார். விவாதம் நடக்கவில்லை. நம் ரசிகரிடம் இந்தப் பேச்சை எடுத்துப் பாருங்கள். “எங்க தலைவர் லெவலுக்கு அவன்கூடப் போய் உட்காரணுமா?” எந்தக் கட்சி ரசிகரைக் கேட்டாலும் இதே பதில்தான் வரும்.

ஒன்பது மணியோடு முடிந்துவிட்டது என்று அடுப்படியில் இருப்பவர் நம்பினால் அது தப்பு. பத்து மணிக்குத் துண்டு வீடியோக்கள் வரும். அந்த ஒரு மணி நேரத்தையே கத்தரித்து, கீழ்வீட்டுக்கு “வச்சு செஞ்சுட்டாரு” என்று ஒன்று, மேல்வீட்டுக்கு “திணறிப்போன” என்று ஒன்று. தோற்றுக்கொண்டிருந்த தன் ஆள் இந்த இரண்டு நிமிடத்தில் ஜெயிப்பதைப் பார்த்ததும், “நான் அப்பவே சொன்னேன்ல!” என்று குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுவிடுவார். மகன் பார்ப்பான், பதில் போடமாட்டான். பதில் போடுகிற ஒரே ஆள் சம்பந்திதான், அவரும் ஒரு வீடியோவாகப் போடுவார். நிச்சயதார்த்தத்தன்று கோத்திரம், நட்சத்திரம், சம்பளம் எல்லாம் விசாரித்தவர்கள் இந்த ஒன்றை விசாரிக்காமல் விட்டுவிட்டார்கள்.

காலையில் பால் வாங்கும் இடத்தில் மேலும் கீழும் சந்திக்கும்.

“நேத்து உங்காளு பாவம்ணே.”

“எங்காளா? நீங்க பாதியில எந்திரிச்சுப் போயிட்டீங்கபோல தம்பி.”

இவ்வளவுதான், இதற்கு மேல் வளராது. இருவருக்கும் ராத்திரி எட்டு மணி வரை பொறுமை உண்டு.

கட்சிகள் அவ்வப்போது கோபித்துக்கொண்டு விவாதத்துக்கு ஆள் அனுப்ப மாட்டோம் என்று சொல்லிவிடும். 2019 தேர்தல் தோல்விக்குப் பிறகு காங்கிரஸ் ஒரு மாதத்துக்கு அப்படி அறிவித்தது. 2021 ஜூலையில் அ.தி.மு.க. அறிவித்தது. ரசிகரின் நிலைமையை எந்தத் தலைமையும் யோசிப்பதில்லை. கீழ்வீட்டுக்காரர் முதல் நாள், “சரியான முடிவு, இவனுங்களுக்கு வேணும்” என்றார். அடுத்த நாளும் எட்டு மணிக்கு டி.வி.யைப் போட்டார். சத்தத்தைக் கூட்ட ஆளே இல்லை. ரிமோட் மடியில் சும்மா கிடந்தது.

மேலேயும் சத்தமில்லை. அடிக்க ஆளில்லாத இடத்தில் தன் ஆள் பேசிக்கொண்டே போவதை எவ்வளவு நேரம்தான் பார்ப்பது? நாலைந்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மேல்வீட்டுக்காரர் படியிறங்கி வந்தார்.

“அண்ணே, உங்க கட்சியில சொல்லி யாரையாவது அனுப்பச் சொல்லுங்கண்ணே. சப்புன்னு இருக்கு.”

“அனுப்பலாம் தம்பி. மொதல்ல அந்த நெறியாளரை மாத்தச் சொல்லுங்க. உங்காளுக்கு ஒரு மணி நேரமும் சாமரம் வீசுறாரு.”

“என்னது? அவரு உங்காளுண்ணே!”

“எங்காளா? உக்காருங்க இப்படி. அடியே, தம்பிக்கும் ரெண்டு தோசை ஊத்து!”