மொட்டைத் தலையும் மஞ்சள் சேலையும்

பெஸ்தாரி ஜெயா,
கோல சிலாங்கூர் மாவட்டம்.

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நலம், முதுகைத் தவிர. நான் அனுப்பிய பத்துமலைத் தைப்பூசப் படத்தைப் பார்த்துவிட்டு அம்மா கேட்டதை அப்படியே குரல் பதிவில் அனுப்பியிருந்தாய்: "பக்கத்துல பால்குடத்தோட நிக்கிற சீனாக்காரக் கிழவி யாரு, எதுக்கு மஞ்சச் சேலை கட்டி வேசம் போட்டிருக்கு?" போனில் சொன்னால் அம்மா பாதியில் அழுதுவிடும். அதனால்தான் காகிதத்தில் எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன்.

வேசமில்லை. அது பாட்டி. நான் வேலை பார்க்கும் செம்பனைத் தோட்டத்து முனையில் பசியாறக் கடை வைத்திருக்கிறது. (காலைச் சாப்பாட்டை இங்கே பசியாறுவது என்கிறார்கள், கேட்டாலே பாதி வயிறு நிறைகிறது.) வந்த முதல் வாரம் நானும் அம்மா மாதிரிதான் முகத்தைப் பார்த்து முடிவு கட்டினேன். தோசையைச் சுட்டிக்காட்டி, இரண்டு விரலைத் தூக்கி, தெரிந்த ஒரே மலாய்ச் சொல்லான "பெராப்பா?"வை (எவ்வளவு?) எடுத்துவிட்டேன். பாட்டி தோசைக் கரண்டியைக் கீழே வைக்காமலே, "மூணு வெள்ளி. ஏம்ப்பா, நீ ஊமையா? பாவம்" என்றது.

ஜப்பான்காரன் காலத்துப் பஞ்சத்தில் சீனக் குடும்பங்கள் பல பெண் குழந்தைகளைக் கொடுத்துவிட்டன. தோட்டத்துத் தமிழர்கள் வாங்கி வளர்த்தார்கள். பாட்டி கைக்குழந்தையாக லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) வந்தது அப்படித்தான். வளர்த்த அப்பாவைச் சயாம் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் பிடித்துப் போனார்கள், திரும்பவில்லை. வளர்த்த அம்மா பால்மரம் சீவி ஆளாக்கியிருக்கிறது. பாட்டிக்குச் சீனத்தில் பத்துவரை எண்ணக்கூடத் தெரியாது. அதன் ரசம் (இந்த வரியை அம்மாவுக்குப் படிக்காதே) நம் வீட்டு ரசத்தைவிட ஒரு படி மேல்.

எனக்கு மொட்டை எதற்கு என்றும் கேட்டாய். வேண்டுதல்தான். வினை பெரட்டில் (காலை ஆள்கணக்கு) வந்தது. முன்பெல்லாம் விடியற்காலையில் கிராணி (தோட்டத்துக் கணக்கர்) பேர் வாசிப்பாராம். இப்போது சுவரில் முகம் பார்க்கும் பெட்டி. தொப்பியைக் கழற்றி, கோட்டில் நின்று, கண் சிமிட்டாமல் பார்த்தால் பச்சை விளக்கு எரிந்து "தெரிமா காசே" என்னும். நன்றி என்று பொருளாம். முதல் மாதம் முழுக்க அது ஏதோ காசு தரப்போவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். மொட்டையோடு போய் நின்றேன். சிவப்பு. விபூதியை அழித்தேன். சிவப்பு. தலையில் துண்டைப் போட்டேன், புருவத்தைத் தூக்கினேன், கடைசியில் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோல் திருட்டு முழி முழித்தேன். பச்சை! மாதக் கடைசியில்தான் விஷயம் தெரிந்தது. கணக்குப்படி மூன்று நாள் நான் வேலைக்கே வரவில்லை. அடுத்த அறை வங்கதேசத் தம்பி அந்த மூன்று நாளும் இரண்டிரண்டு தடவை வந்திருக்கிறான். கிராணி வழி சொன்னார். போனிலிருந்த என் போன வருஷப் படத்தைப் பெட்டிக்கு நேரே நீட்டினேன். "தெரிமா காசே." முடி வளரும்வரை என் படம்தான் வேலைக்குப் போனது, வெயிலில் குலை வெட்டியது மட்டும் நான்.

அந்தக் குலையும் லேசுப்பட்டதல்ல. செம்பனையில் கருகருவென்று பளபளப்பது காய். ஆரஞ்சுச் சிவப்பேறி, நாலு உதிரிப்பழம் மரத்தடியில் விழுந்திருந்தால்தான் பழம். அண்ணாந்து பார்க்காதே, தரையைப் பார் என்று தண்டல் (மேற்பார்வையாளர்) தலையில் அடித்துக்கொண்டார். அதற்குள் ஏழு காய்க்குலை இறக்கிவிட்டேன், சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள். கண்ணில் படுவதை நம்ப முடியாது, ஊர்ப் பேர்ப்பலகையே இங்கே அப்படித்தான்: 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆக்கிவிட்டார்கள், பாட்டி வாயில் இன்றைக்கும் பத்தாங் பெர்ஜுந்தைதான்.

லீவு நாளில் பாட்டியோடு புக்கிட் மலாவத்திக் குன்றுக்குப் போனேன். சாம்பல் நிறக் குரங்கு ஒன்று ஆரஞ்சு நிறக் குட்டியை அணைத்துக்கொண்டிருந்தது. யாருடைய குட்டியையோ தூக்கி வந்துவிட்டது என்றேன். அந்த இனத்துக் குட்டி பிறக்கும்போது அப்படித்தானாம்; சில மாதத்தில் தாயின் நிறம் வந்துவிடும். "என்னைப் பாத்தும் இப்படித்தானே நெனச்சே?" என்றது பாட்டி. கடலைப் பார்த்துக்கொண்டேன்.

அந்த முகம் பார்க்கும் பெட்டியாவது சிரிக்க வைக்கிறது அக்கா, அட்டை அதுகூட இல்லை. குடிமகனுக்கு இங்கே நீல அடையாள அட்டை. பாட்டிக்கு அது உண்டு. பாட்டி வீட்டுக்கு அடுத்த வீட்டுப் பெரியவர் பிறந்ததும் இதே லயம்தான். பிறந்ததற்குப் பத்திரமில்லை, இந்த வயதிலும் கையில் சிவப்பு அட்டை. ஓட்டுக் கிடையாது. தேர்தலன்று எல்லாரும் வாக்குச்சாவடிக்குப் போக, அவர் கடையில் உட்கார்ந்து கோப்பி குடிப்பாராம். நான் நாலு வருஷத்தில் திரும்பிவிடுவேன். அவர் எங்கே திரும்புவது?

ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் வருவதாகச் சொன்னாய். நம் ஊர்க் குரூப்பில் போட்டிருக்கும் படத்தில் நான் சாய்ந்து நிற்கும் வெள்ளை ஹைலக்ஸ் மேனேஜருடையது. அவர் பசியாறப் போன ஐந்து நிமிஷத்தில் எடுத்தது. தம்பிக்குக் கார் இருக்கிறது என்று அம்மா வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிடு. என்னிடம் இருப்பது சைக்கிள். செயின் கழலும்.

இப்படிக்கு,
உன் தம்பி