ஓடா ஊர்தி விற்பனையியல்: ஒரு முன்னாய்வு

ஓடுகிற காரை விற்பது வியாபாரம். ஓடாத காரை, அதுவும் கை இறுக்கமாக இருக்கிற நேரத்தில் விற்பது தனித்துறை. மாட்டுக்குச் சுழி பார்ப்பது முதல் பல்லி விழும் பலன் வரை நூல் செய்த தமிழ்ச் சமூகம் இத்துறையை மட்டும் கண்டுகொள்ளாமல் விட்டது பெருங்குறை. அக்குறை தீர்க்க எழுந்ததே இவ்வாய்வு.

ஆய்வுப் பொருளாக மாருதி 800 கொள்ளப்பட்டது. 1983 டிசம்பரில் வெளிவந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற இவ்வினம் 796 சிசி, மூன்று சிலிண்டர் கொண்டது. மாதிரிகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. எந்த ஊரிலும் ஏதாவதொரு வேப்பமரத்தடியில், டயர்கள் காற்றிறங்கி, பின்கண்ணாடித் தூசியில் தெருப்பிள்ளைகள் பெயரெழுதிப் பழக இடம் கொடுத்தபடி ஒன்று நிற்கும்.

முன்னோர் மொழிந்தவற்றுள் தலையாயது, அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் பழைய கார்ச் சந்தை பற்றி வெளியிட்ட கட்டுரை. பழைய கார் விற்பதைப் பற்றிய அந்தக் கட்டுரையைத் தள்ளிவிடுவதே அவருக்குப் பெரும்பாடாயிற்று. மூன்று ஆய்விதழ்கள் வேண்டாமென்று திருப்பின. பிறகு அதற்காகவே 2001-இல் நோபல் பரிசு கிடைத்தது. (விற்பவர்கள் மனம் தளர வேண்டியதில்லை; ஆனால் முப்பத்தோராண்டு மரத்தடியில் நிறுத்திவைக்க வசதி வேண்டும்.) காரின் குறை விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது, ஆகவே வாங்குபவன் எல்லா வண்டியையும் சந்தேகப்பட்டு விலையைக் குறைப்பான் என்பது அவர் கோட்பாடு.

இக்கோட்பாடு நம் தெருவில் செல்லாது. ஓடாத காரில் மறைக்க என்ன இருக்கிறது? புரோக்கர் வருகிறார், பானட்டைத் தூக்குகிறார், ஆயில் மூடியைத் திருகி எடுத்து அதன் அடிப்பக்கத்தைப் பார்க்கிறார். அங்கே வெளிர்பழுப்பில் கொழகொழவென்று நுரை ஒட்டியிருக்கிறது. ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது. விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு, உங்கள் வண்டியின் துணியிலேயே துடைத்துக்கொண்டு, "ஹெட் கேஸ்கெட் போயிருக்கு சார்" என்கிறார். அரை நிமிடத்தில் வண்டியின் அந்தரங்கம் முடிந்தது. இனி மறைவாக இருப்பது ஒன்றே ஒன்று: உங்களுக்குப் பணம் எவ்வளவு அவசரம் என்பது. அவர் ஆராய வந்ததும் அதைத்தான். வண்டி ஒரு சாக்கு. விலை நிற்பது வண்டியின் நிலையில் அன்று, விற்பவரின் நிலையில் என்பதே இவ்வாய்வின் கருதுகோள்.

புரோக்கரின் கள ஆய்வு முறைகளைப் பல்கலைக்கழகங்கள் பாடமாக வைக்கலாம். "குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா சார்" என்பது முதல் கருவி. இது தாகமன்று, நுழைவுரிமை. சொம்பு வருவதற்குள், கூடத்து மேசையில் விரித்தபடி கிடக்கும் பள்ளிக்கட்டணச் சீட்டோ நகைக்கடன் நோட்டீஸோ தலைகீழாகவே வாசிக்கப்பட்டுவிடும். இரண்டாவது கருவி காலம். ஜூன் முதல் வாரத்தில் கூப்பிட்டால் பிள்ளைகளின் ஃபீஸ். ஆடி மாதத்தில் கூப்பிட்டால் சொல்லவே வேண்டாம்; வண்டி வாங்க ஆள் வராத மாதத்தில் ஒருவர் விற்கத் துடிக்கிறார் என்றால், ஆவணி வரை பொறுக்க முடியாத ஏதோ ஒன்று அவர் கழுத்தைப் பிடித்திருக்கிறது. அனுபவப்பட்ட புரோக்கர் பாதி விலையை வீட்டிலிருந்து கிளம்பும்போதே வெட்டிவிடுகிறார்.

மூன்றாவது கருவி ஒரு கேள்வி: "ஏன் சார் குடுக்குறீங்க?"

இதற்குச் சரியான விடை இன்றுவரை கண்டறியப்படவில்லை. "சும்மா நிக்குது, இடத்தை அடைக்குது" என்றால், இடத்தைக் காலி செய்து தருவதே பேருதவி என்ற தொனியில் விலை வரும். "பையன் புதுசு எடுக்கணும்கிறான்" என்றால், வாசலில் நிற்கும் பையனின் சைக்கிளை ஒருமுறை பார்த்துவிட்டுப் புன்னகைப்பார். "நேத்துகூட ஒரு பார்ட்டி கேட்டுட்டுப் போனாங்க" என்பது மரபான பொய். அதற்கு மரபான மறுமொழி, "அப்ப அவங்களுக்கே குடுத்துருங்க சார், நல்ல ரேட்டு" என்பது. இவ்விடத்தில் விற்பவர் அடையும் மெய்ப்பாடு இளிவரல். தொல்காப்பியம் கூறும் எட்டில் உவகையும் இக்களத்தில் உண்டு, புரோக்கரிடம்.

மணப்பாறை, பொள்ளாச்சி மாட்டுச் சந்தைகளில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசிய வழக்கம் எவ்வளவு நாகரிகமானது என்பது இங்கேதான் விளங்கும். மாட்டின் விலை பிடித்த இரண்டு கைகளுக்கு மட்டுமே தெரியும். காரின் விலையோ நடுத்தெருவில், எதிர்வீட்டு மாடியிலிருந்து ஆள் எட்டிப் பார்க்க, உரக்கச் சொல்லப்படுகிறது. மானம் போவதற்குள் முடித்துவிடலாம் என்று விற்பவர் இறங்கி வருகிறார்.

எவ்வளவு தூரம் இறங்கலாம்? அடித்தளத்தைக் காயலான் கடை நிர்ணயிக்கிறது. வண்டியின் எடை ஏறத்தாழ 650 கிலோ. அதில் இரும்பு இவ்வளவு, ஈயத்துக்காக பேட்டரி இவ்வளவு என்று கணக்கு. சைலன்சரில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருந்தால் உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் உண்டு. அதைப் பற்றி மட்டும் கடைக்காரர் வாய் திறப்பதில்லை. உடைத்து விற்றால் கூடுதலாகத் தேறும் என்பதற்குச் சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையே சான்று. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த காலத்தில் பேரமாவது சுருக்கமாக இருந்தது, வீட்டுக்குத் தின்னவும் ஏதோ கிடைத்தது.

தாள் வேலையில் நீட்டிப் பேச ஒன்றுமில்லை, ஆனால் கவனம் தேவை. 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனதிலிருந்து, "எஃப்சி முடிஞ்ச வண்டி சார்" என்ற வாக்கியத்துக்குத் தனி மதிப்பு. அடுத்து, பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்கள். வாங்குபவர் பெயரை எழுதாமல் கையெழுத்து மட்டும் கேட்பார்கள். ஆர்சியில் பெயர் மாறாதவரை, கை மாறிய வண்டி ஏற்படுத்தும் விபத்துக்கும் பழைய பதிவுதாரரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்த்திருக்கிறது. எஞ்சின் இறந்த வண்டி என்ன விபத்து செய்யும் என்பவர்கள், புதுப்பேட்டைக் கைகளின் திறமையை அறியாதவர்கள். வேறொரு எஞ்சினோடு அது எழுந்து போகும்.

அறிஞரிடையே தீராத வழக்கு ஒன்று மீதமிருக்கிறது. டேஷ்போர்டில் ஒட்டியிருக்கும் பிள்ளையார் யாருக்குச் சொந்தம்? ஸ்டெப்னி, ஜாக்கிபோல வண்டியைச் சேர்ந்தவர் என்பது ஒரு சாரார் கொள்கை. வீட்டுச் சாமி, வழிக்காவலுக்கு அனுப்பப்பட்டவர், வேலை முடிந்ததும் திரும்ப வேண்டியவர் என்பது மறுசாரார். அட்வான்ஸ் கைமாறி, டோ கயிறு கட்டிய பிறகு, வீட்டம்மா ஒரு கத்தியோடு வந்து பிள்ளையாரின் பீடத்தைச் சுரண்டத் தொடங்கும்போது இவ்வழக்கு உச்சமடையும். பிள்ளையார் அசையமாட்டார். அந்த அம்மா அவர்மீது வைத்திருக்கும் பற்றைக் கண்ணால் அளந்துவிட்டுப் புரோக்கர் சொல்வார்:

"தாராளமா எடுத்துக்குங்கம்மா. ரேட்டுல ஒரு ஐந்நூறு கழிச்சுக்குவோம்."