கடலோர வள்ளல்கள்

கீரமங்கலம் மெய்நின்றநாதர் கோயிலில் 81 அடி உயரச் சிவன் சிலை இருக்கிறது. நக்கீரருக்கும் அங்கே சிலை உண்டு. இறைவனின் பாட்டிலேயே குற்றம் கண்ட புலவரைக் கொண்டாடும் ஊர். ஆனால் நான் அவர் வழியில் போகப்போவதில்லை. மே மாத விடுமுறையில் வேன் பிடித்துக் கடற்கரை பார்க்கப் போகும் எங்கள் பக்கத்துப் பெருமக்களிடம் குற்றம் என்று ஒன்று இருந்தால்தானே காண்பதற்கு!

முதலில் அவர்களுடைய காலக்கணிப்பு. கோடியக்கரைக்குப் பூநாரைகள் ஐப்பசி மழையோடு வந்து, பங்குனி வெயிலுக்குள் பெரும்பாலும் கிளம்பிவிடும். இதைப் படித்துத் தெரிந்துகொண்டவர்கள் மழையில் பைனாகுலரோடு அல்லாடுகிறார்கள். நம்மவர்கள் போவதோ அக்கினி நட்சத்திரத்தில். பறவைகளுக்குத் துளியும் தொந்தரவு கிடையாது. "ஒரு கொக்கைக்கூடக் காணோம், இதுக்குப் பேரு சரணாலயமா?" என்று அவர்கள் கேட்கும்போது, 1967-ல் அதை அறிவித்தவர்கள்தான் வெட்கப்பட வேண்டும்.

போகிற வழியில் மனோரா. நெப்போலியனை வெள்ளைக்காரர்கள் வென்றதற்காகத் தஞ்சை சரபோஜி மன்னர் எட்டு மாடிக் கோபுரம் கட்டிக் கல்வெட்டும் வைத்தார். யாரோ ஜெயித்ததற்கு யாரோ கட்டியது. அதில் உள்ளூர் வரலாறு இல்லாத குறையை ஆணியால் தீர்த்தவர்கள் நம் இளைஞர்கள்தாம். யார் யாரைக் காதலித்தார் என்ற விவரம் ஆளுயரம் வரை கிடைக்கிறது. அதற்கு மேலே எழுத நண்பனின் தோள் இருக்கவே இருக்கிறது.

மனோராவுக்கு எதிரே பாக் விரிகுடா. "குளம் மாதிரில்ல கெடக்கு" என்று கடலுக்கே ஆறுதல் சொல்வார்கள். அந்த அலையில்லாத, ஆழமில்லாத தண்ணீரில்தான் கடற்புல் விளைகிறது. அதை மேய்ந்து பிழைப்பது ஆவுளியா என்னும் கடற்பசு. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை, நாட்டின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக 2022 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்தது. பாவம், வெறும் புல்லைத் தின்று எத்தனை நாள் ஓட்டும்? நம்மவர்கள் புளிச்சோறு கட்டிவந்த பாலித்தீனையும் சிப்ஸ் உறையையும் தண்ணீர்ப் பாட்டிலையும் மனம் கோணாமல் கரையில் வைத்துவிட்டு வருகிறார்கள். கேட்டு வாங்கும் சங்கடத்தைக்கூடக் கடலுக்கு வைப்பதில்லை. மிதக்கும் கேரிபேக், பங்குனி ஆமையின் கண்ணுக்குச் சொறிமீனாகத் தெரிகிறதாம். தெரியட்டுமே! தின்ற ஆமைக்கு அப்புறம் பசிப்பதே இல்லை.

இங்கே ஓர் அநியாயத்தையும் சொல்லியாக வேண்டும். வலையில் ஆவுளியா சிக்கினால் மீனவர்கள் தங்கள் வலையையே அறுத்து அதை விடுவிக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு வனத்துறை பரிசுப்பணம் தருகிறது. மூட்டை மூட்டையாகக் கடலுக்குக் கொடுத்தவர்களுக்கு ஒரு சால்வைகூட இல்லை.

கோடியக்கரையில் அவர்களுடைய அன்பு இன்னும் பெருகும். காட்டில் பழம் தேடி அலைந்த குரங்குகள் இப்போது வேன் சத்தம் கேட்டாலே ரோட்டுக்கு ஓடிவருகின்றன. க்ரீம் பிஸ்கட்டை வாங்கும்போது சில டயருக்கு அடியிலும் போய்விடுகின்றன, அவசரப் புத்தி. வெளிமான் கூச்ச சுபாவம் உள்ளது. ஸ்பீக்கரில் குத்துப்பாட்டைப் போட்டால்தான் அது ஓடும். ஓடுகிற மானைப் படமெடுப்பதில் உள்ள வீரம் நிற்கிற மானை எடுப்பதில் உண்டா?

2018 நவம்பரில் கஜா புயல் அந்தக் காட்டை உலுக்கியது. மான்களும் குதிரைகளும் செத்துக் கிடந்தன. கீரமங்கலத்துத் தென்னையும் பலாவும் சாய்ந்ததும் அதே புயலில்தான். சாய்ந்த மரத்தடியில் நின்று அழுதவர்கள்தாம் இன்று வேனில் போகிறார்கள். பட்ட துக்கத்தைக் காடு மறக்க வேண்டாமா? அதற்குத்தான் அவ்வளவு சத்தமாகப் பாட்டு.

அடுத்த மே மாதத்துக்கும் வேன் பேசியாயிற்று. வர விரும்புகிறவர்கள் சீக்கிரம் பெயர் கொடுத்துவிடுங்கள். சும்மா உட்கார்ந்து கடலைப் பார்க்க நினைப்பவர்களுக்கு மட்டும் இடம் கிடையாது. அந்த சீட்டில் ஸ்பீக்கர் வருகிறது.