எதற்கென்று தெரியாத சுவிட்ச்: ஓர் ஆய்வு

பழைய வீட்டுக் கூடத்து சுவிட்ச் போர்டில் எதற்கென்று தெரியாத சுவிட்ச் ஒன்று இருக்கும். போட்டால் எதுவும் எரியாது. நிறுத்தினால் எதுவும் அணையாது. கறுப்பு பேக்கலைட் மேனியில் வெள்ளையடிப்பு தோறும் தெறித்த சுண்ணாம்புப் புள்ளிகளைக் கொண்டு வயதைக் கணிக்கலாம். தோற்றம் குறித்து அறிஞர்கள் இரு பிரிவு. வாசல் விளக்குக்குப் போட்டது என்பது தாத்தா கட்சி. வால்வு ரேடியோவுக்குப் போட்டது என்பது பாட்டி கட்சி. “அதை மட்டும் தொடாதே” என்பதில் இரு கட்சிக்கும் உடன்பாடு.

பயம் நியாயமானதே. விளக்கைக் கழற்றியவர்கள் வயரை விட்டுவிட்டுப் போயிருப்பார்கள். போர்டைத் திறந்து டெஸ்டரை வைத்தால், வேலையில்லாத சுவிட்சின் ஒரு முனையில் 230 வோல்ட் விழித்திருக்கும். அந்தக் காலத்து ரப்பர் வயரோ, வளைத்தால் முறுக்குபோல் நொறுங்கும்.

ஆய்வு இங்கே கிளை பிரிகிறது. சுவிட்சை மாற்ற வந்த எலக்ட்ரீஷியன் பக்கத்து பிளக் பாயிண்டைக் காட்டுவார்: இரண்டே துளை. “மூணு பின் போட்டுடுங்க” என்பது வீட்டுக்காரர் கட்டளை. போடலாம். துளை மூன்றாகும், சுவருக்குள் வருவது அதே இரண்டு வயர்தான்.

மூன்றாவது பின் தடித்து நீண்டிருப்பதற்குக் காரணம் உண்டு. எர்த் முதலில் சேர வேண்டும், கடைசியில் பிரிய வேண்டும். 1934இல் வந்த பிஎஸ் 546 என்ற பிரிட்டிஷ் தரத்தின் உருண்டைப் பின் குடும்பம் அது. அத்தனை ஏற்பாடும் எர்த் வயரே இல்லாத துளைக்குள் போய் நிற்கிறது. ஃபிரிட்ஜ் உடம்பில் மின்கசிவு வந்தால் அது இறங்கக் கிடைக்கும் வழி, கதவைத் திறக்க வந்தவரின் கை. சும்மா இருக்கும் சுவிட்சைவிட, சும்மா இருக்கும் இந்தத் துளை பொல்லாதது.

எனவே புது பிளேட்டுக்கு முன்னால் பச்சை வயர், எர்த் குழி, 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி. மாட்டிய நாளிலிருந்து அது விழுந்துகொண்டே இருந்தால், வேறு லைனோடு கலந்து ஓடும் பழைய நியூட்ரலையும் சந்தேகிக்க வேண்டும்.

இனி தோற்றக் கோட்பாடு. மாடுலர் பிளேட்டில் சுவிட்சுக்கு ஓர் இடம், பிளக்குக்கு இரண்டு. மூன்று சுவிட்சும் ஒரு பிளக்கும் சேர்ந்தால் ஐந்து. கடையில் நாலு மாடுலுக்கு அடுத்து வழக்கமாகக் கிடைப்பது ஆறு. மிச்ச ஓட்டையை மூட டம்மி உண்டு. வீட்டுக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

“இது பார்க்க நல்லா இல்லையே. ஒரு சுவிட்சே போட்டுடுங்க தம்பி, பின்னாடி எதுக்காவது ஆகும்.”