துணிக்கு முன்னால் தண்ணீர்

பரமத்தி வேலூரில் காவிரிக்குள் லாரியை இறக்கிக் கழுவிய காலத்தில் கீறல் என்ற பேச்சே எங்களிடம் எழுந்ததில்லை. நாமக்கல் பக்கத்து லாரிகள் வடக்கே போய்த் திரும்பும்போது நாலைந்து மாநிலத்துப் புழுதியைச் சுமந்து வரும். அப்பா டிரைவர். பள்ளி விடுமுறை என்றால் கிளீனர் அண்ணனோடு நானும் ஆற்றில் இறங்கிவிடுவேன். அவசரமாகத் தேங்காய் நாரை எடுத்தால் அப்பா அதட்டுவார்: “கைய வெக்காத கண்ணு, மொதல்ல ஊறட்டும்.” வாளி வாளியாக மேலே வீசியடித்து, வழிகிற தண்ணீர் செம்மண் நிறம் மாறித் தெளிந்த பிறகுதான் தேங்காய் நாரைத் தொட விடுவார். சோப்புத் தூள், நார், தார்ப்பொட்டுக்கு மண்ணெண்ணெயில் நனைத்த பனியன் வேஸ்ட். வேறு கருவி கிடையாது.

நாரால் தேய்த்தால் கீறாதா? கீறியது. கண்ணுக்குப் படவில்லை. அன்றைக்கு லாரிக்கு அடித்தது எனாமல் பெயின்ட். தகுதிச் சான்றுக்கான எஃப்.சி. வந்தால் பாடிக்கு மறுபடி பெயின்ட் அடித்து, தாமரையும் மயிலும் புதிதாக வரைந்து வாங்குவார்கள். பழைய கீறல் எல்லாம் அதற்கடியில் போய்விடும்.

இப்போது வளசரவாக்கத்தில், வீட்டை ஒட்டிய காலி மனையில் என் கேரவன் நிற்கிறது. படப்பிடிப்புக்கு வாடகைக்குப் போகிற வண்டி. உள்ளே கட்டில், கழிவறை, ஒப்பனை மேஜை, கூரைமேல் ஏ.சி. எல்லாம் உண்டு. வெளியே கருநீல நிறம். அதற்கு மேலே கிளியர் கோட் எனும் நிறமற்ற பூச்சு. வண்டியின் பளபளப்பு முழுவதும் அந்தப் பூச்சில்தான் இருக்கிறது. அதன் தடிமன் பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமனே சுமார் 70 மைக்ரான். கீறல் விழுந்தால் பாலிஷ் போட்டு எடுக்கலாம். ஆனால் ஒவ்வொரு பாலிஷும் அந்த மெல்லிய பூச்சில் கொஞ்சத்தைத் தேய்த்துக்கொண்டுதான் போகும். நாலைந்து முறைக்கு மேல் தேய்க்க அதில் என்ன இருக்கிறது?

ஆறு நிறையத் தண்ணீர் இருந்த நாளில் எங்கள் கையில் இருந்தது நாரையும் பொறுக்கும் லாரி. டேங்கர் தண்ணீரை விலைக்கு வாங்கும் நாளில், விரல் பட்டாலும் தடம் தெரிகிற வண்டி வந்து வாய்த்திருக்கிறது.

ஒரு முறை வெளியூர் படப்பிடிப்பு முடிந்து திரும்பும் வழியில், நெடுஞ்சாலையோர வாட்டர் சர்வீஸ் ஒன்றில் விட்டேன். அங்கிருந்த பையன் கீழே விழுந்த ஸ்பாஞ்சை உதறிவிட்டு அதே கையோடு தேய்த்தான். மறுநாள் வெயிலில் பார்த்தால் பக்கவாட்டு முழுவதும் சிலந்தி வலை பின்னியதுபோல வட்டம் வட்டமாகக் கோடுகள். அந்தப் பையனுக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். கீறுவது சோப்பும் அல்ல, கையழுத்தமும் அல்ல. துணிக்கும் பெயின்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்கிற மணல்தான் கீறுகிறது. அதன்பிறகு வண்டியைக் கழுவ வெளியில் விடுவதில்லை.

கழுவும் நாளில் விடிவதற்கு முன்னே தொடங்கிவிடுவோம். வெயிலேறித் தகடு சூடானால் ஷாம்பு காய்ந்து தடம் பதிந்துவிடும். உதவிக்கு வரும் தம்பியிடம் மோதிரம், கைக்கடிகாரம், பெல்ட் மூன்றையும் கழற்றிவைக்கச் சொல்வேன். உயரமான வண்டியில் சாய்ந்து நின்று கழுவும்போது பெல்ட் கொக்கி போடுகிற கோடு வேறு எதனாலும் விழாது. ஏணியையும் வண்டிமேல் சாய்ப்பதில்லை. தானாக நிற்கிற ஏணிதான்.

கூரையில் தொடங்க வேண்டும். காய்ந்த இலையும் ஏ.சி. ஓரத்து அழுக்கும் எப்படியும் கீழேதான் வழியும். பக்கவாட்டை முதலில் கழுவினால் அந்த வேலை வீண். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் குழாயால் மேலிருந்து கீழாக நனைத்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, மறுபடி அடிப்போம். காக்கை எச்சம் இருந்தால் ஈரத்துணியை அதன்மேல் போட்டு இளகவிட வேண்டும். சுரண்டினால் பெயின்டும் சேர்ந்து வரும்.

“அண்ணே, எதுக்கு ரெண்டு வாளி? ஒண்ணு போதாதா?” என்று தம்பி முதலில் கேட்டான். ஒன்றில் வண்டி ஷாம்பு, மற்றொன்றில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையால் ஓர் ஆள் அகலத்துக்குத் தேய்த்ததும் வெறும் தண்ணீரில் அலசி, அதன்பிறகே ஷாம்பு வாளிக்குப் போக வேண்டும். வெறும் தண்ணீர் வாளியின் அடியில் தங்கிய மண்ணை அவனுக்குக் காட்டினேன். அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை. தேய்ப்பது நேர்க்கோட்டில், கழுவிய பகுதியை உடனே அலச வேண்டும். சக்கரத்துக்கும் கீழ்ப்பாவாடைத் தகட்டுக்கும் தனித் துணி. பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புத்தூள் அங்கேதான் படிந்திருக்கும். அந்தத் துணி மேலே வரவே கூடாது.

எங்கள் பகுதி போர் தண்ணீர் உப்பு. அப்படியே காயவிட்டால் கால்சியமும் மெக்னீசியமும் வெள்ளைப் பொட்டாக நிற்கும். அதை எடுக்கத் தேய்த்தால் மறுபடி கீறல். அதனால் கடைசி அலசலுக்கு மட்டும் டேங்கர் தண்ணீர். பெரிய டவலைத் தகட்டின்மேல் விரித்து, அழுத்தாமல் கீழே இழுத்தால் ஈரம் போய்விடும்.

காவிரியில் கழுவியதைப் பெருமையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த லாரிகளிலிருந்து இறங்கிய டீசலும் ஆயிலும் கீழே குடிக்க மொண்டவர்களின் குடத்துக்குத்தான் போயின. ஆற்றுக்குள் வண்டியை இறக்கக் கூடாது என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. அப்பா சொன்ன அந்த ஊறவைக்கிற வரிசையை மட்டும் வைத்துக்கொண்டால் போதும்.

கேரவன் வேண்டாம், உங்கள் வீட்டுக் காரையே எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் காலையில் மஞ்சள் துணியால் தூசியை உலர்ந்தபடியே துடைப்பதை இன்றோடு நிறுத்துங்கள். தண்ணீர் இல்லாத நாளில் தூசியோடு விட்டுவிடுங்கள். தூசி சும்மா கிடந்தால் பெயின்டைக் கீறாது.