போக்கர் கற்றுக்குட்டி

ஆன்லைன் போக்கர் கற்றுக்குட்டி பெருநகரங்களில் மட்டும் காணப்படும் இனம் அல்ல. தர்மபுரி மாவட்டத்துக் கம்பைநல்லூர் போன்ற பேரூராட்சிகளிலும் உண்டு. வயது இருபதுக்கு மேல், முப்பதுக்குள். ஓசூரில் கம்பெனி வேலையை விட்டு வந்தவராகவோ, அடுத்த மாதம் அங்கே சேரப்போகிறவராகவோ இருப்பார். சிறு வயதில் பெரியவர்களின் ரம்மியைத் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தவர். அதனால் சீட்டு தமக்குப் பிறவி ஞானம் என்பது அவர் முடிவு.

அவர் ஆடுவது டெக்சாஸ் ஹோல்டம். ஆளுக்கு இரண்டு சீட்டு கையில், ஐந்து சீட்டு பொதுவில். ஏழில் சிறந்த ஐந்தைக் கணக்கில் எடுப்பார்கள். கைக்கு வரக்கூடிய இரு சீட்டுச் சேர்க்கைகள் 1,326. அவற்றில் பெரும்பாலானவை பார்த்தவுடன் வீச வேண்டியவை. ரம்மியில் ‘ஸ்கூட்’ விடுவது போன்ற இந்த வீச்சுதான் தேர்ச்சியின் முதற்படி. கற்றுக்குட்டி வழுக்கி விழுவதும் இதே படியில்தான். “காசு கட்டி உக்காந்துட்டு எல்லாத்தயும் வீசிக்கிட்டே இருந்தா, அப்புறம் எதுக்குண்ணா ஆடறது?” என்று கேட்பார்.

இரண்டாம் படி, இடம் அறிவது. கடைசியில் பேசுபவருக்கு மற்றவர்கள் செய்தது தெரிந்திருக்கும். ஆகவே அந்த இடத்துக்கு மதிப்பு அதிகம். இதை அவர் யூடியூபில் கற்றார். கற்றதை முதலில் கையாண்டது வீட்டில். “மாட்டுக்குத் தண்ணி காட்டனியாடா?” என்ற அப்பாவிடம், “இருப்பா, பொசிஷன்ல இருக்கறன்” என்றார். “எந்தப் பொசிஷன்ல இருந்தாலும் எந்திரிச்சி வா” என்று பதில் வந்தது.

மூன்றாம் படி கணக்கு. நடுவில் 300 ரூபாய் கிடக்கிறது. தொடர 100 கட்ட வேண்டும். நூறில் 25 முறையாவது ஜெயித்தால்தான் கட்டுவது நட்டமில்லை. கையிலும் பொதுவிலுமாக நான்கு ஆட்டின் சேர்ந்து, இன்னும் ஒரே சீட்டு திறக்க வேண்டியிருந்தால், தெரியாத 46 சீட்டுகளில் உதவக்கூடியவை 9. அதாவது நூற்றுக்கு இருபதுக்கும் கீழே. வீச வேண்டும் என்கிறது கணக்கு. கற்றுக்குட்டி இதைத் தப்பில்லாமல் போட்டுப் பார்த்துவிட்டு, “வரும்னு மனசு சொல்லுது” என்று 100 கட்டுவார்.

நான்காம் படி மன அடக்கம். கையில் இரண்டு ஏஸ் சேர்ந்து வருவது 221 ஆட்டத்துக்கு ஒரு முறை என்ற விகிதத்தில்தான். எதிராளி இரண்டு ராஜாவோடு கடைசிவரை நின்றாலும், ஏஸ்காரர் ஐந்தில் நான்கு முறை ஜெயிப்பார். அந்த நான்கும் கற்றுக்குட்டியின் திறமை; ஐந்தாவது, தளத்துக்காரன் கம்ப்யூட்டரில் செய்த வேலை. கையிருப்பு குறைந்தது இருபது, முப்பது மேசைக் கட்டணமாவது இருக்க வேண்டும் என்பார்கள். அவருடைய கையிருப்போ அடுத்த பால் பணம் வரும் தேதி.

சட்டத்தையும் அவர் தம் முன்னேற்றக் கணக்கிலேயே சேர்த்தார். 2023 நவம்பரில் போக்கரும் ரம்மியும் திறமை ஆட்டங்களே என்று சென்னை உயர் நீதிமன்றம் கூறியபோது, அது தமக்குக் கிடைத்த நற்சான்று என ஏற்றுக்கொண்டார். 2025 பிப்ரவரியில் நள்ளிரவு 12 முதல் காலை 5 மணிவரை பண ஆட்டத்துக்குத் தமிழ்நாட்டு விதிகள் தடை போட்டன. பையன் நேரத்தில் தூங்குகிறான் என்று மகிழ்ந்த அம்மா, புண்ணியத்தை மந்திரித்த கயிற்றுக்குக் கொடுத்தார். 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, ஆன்லைன் பண ஆட்டம் எல்லாவற்றையும் தடுத்தது. தண்டனை நடத்துபவருக்கு, ஆடுபவருக்கு இல்லை. தளங்கள் பண மேசைகளை மூடின.

மிஞ்சியது காசில்லாத புள்ளி ஆட்டம். அதில் இழக்க ஒன்றும் இல்லாததால் யாரும் சீட்டை வீசுவதில்லை. வீசாத மேசையில் வீசக் கற்பதும் முடியாது. ஆகவே கற்றுக்குட்டி நேராக ஆலோசகர் நிலைக்கு உயர்கிறார். சித்தப்பா மகன் புள்ளிக்கு ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, “வீசுடா, வீசுடா” என்கிறார். ஆலோசனை பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. அடுத்தவர் சீட்டை வீசச் சொல்வதில் அவருக்கு என்றுமே தயக்கம் இருந்ததில்லை.