பிளேனுக்குக் குலம் பாக்குற பேராண்டிக்கு

ஏலே பேராண்டி, இங்கன வந்து உக்காரு. டிக்கெட்டு எடுக்கேன்னு ஒரு வாரமாப் போனை நோண்டுதியாம்லா? வெலையப் பாக்கல. நேரத்தப் பாக்கல. பிளேனுக்குக் குலம் கோத்திரம் விசாரிக்கியாம். "இந்த ரகத்துல இதுவரைக்கும் ஒரு பயணிகூட சாகல, அதுலதான் ஏறுவேன்"ன்னு ஒத்தக்கால்ல நிக்கியாம். தப்பில்ல. யாருக்குத்தான் உசிரு வெல்லமில்ல? ஆனா அந்த சைபரு எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டியா?

ஏர்பஸ் ஏ340ஐ எடுத்துக்கோ. 1993லேருந்து ஆளேத்திப் பறக்கு. நாலு இஞ்சின். அது மேல ஏறுதது இஞ்சின் பலத்துல இல்ல, பூமி உருண்டையா வளைஞ்சு கீழ போறதாலதான்னு பைலட்டுமாரே கேலி பேசுவாவ. அம்புட்டு மெதுவு. ஆனா அது விபத்துல மாட்டி ஒரு பயணிகூட சாகல. ஒடனே கையெடுத்துக் கும்பிட்டுராத. யாரும் சாகலன்னுதான சொல்லுதாவ? ஒண்ணுமே நடக்கலன்னா சொன்னாவ?

1994ல பாரிசுல, இழுத்துட்டுப் போகும்போதே ஒண்ணு எரிஞ்சு போச்சு. 2001 ஜூலையில இலங்கையில கட்டுநாயக்கா விமான நிலையத்தத் தாக்குனாவல்லா, அப்ப நின்ன எடத்துலயே ஒண்ணு போச்சு. 2007ல பிரான்சுல துலூஸ் ஊர்ல நடந்ததுதான் கூத்து. புத்தம் புதுசு. வாங்குனவன் கைக்கு இன்னும் போகக்கூட இல்ல. நிப்பாட்டி வச்சு இஞ்சினை முறுக்கிப் பாத்திருக்காவ. சக்கரத்துக்குக் கட்டை வைக்கல. கட்டைலே, கட்டை! கோடி கோடியாப் போட்டு பிளேனு செஞ்சவனுக்கு ஒரு கட்டை கெடைக்கல. நேரா ஓடி காங்கிரீட்டுச் சொவத்து மேல ஏறி மூக்கு ஒடைஞ்சு நின்னுச்சு. உள்ள இருந்த ஒம்பது பேரும் பொழச்சுட்டாவ. கணக்குல அதுவும் சைபருதான்.

டொராண்டோ கதை தெரியுமா? 2005 ஆகஸ்டு 2. இடியும் மழையும். ஏர் பிரான்சோட ஏ340 ஓடுதளத்துல ரொம்பத் தள்ளி எறங்கி, நிக்காம ஓடி, ஓடைப் பள்ளத்துல போயி விழுந்து தீப்புடிச்சுட்டு. உள்ள 309 பேரு. அம்புட்டுப் பேரும் வெளிய வந்துட்டாவ. இப்பச் சொல்லு, காப்பாத்துனது பிளேனா, கதவத் தொறந்துவிட்டு வெரட்டுன பிள்ளைகளா? அந்த நேரத்துலயும் கொள்ளப் பேரு பையத் தூக்கிட்டுத்தான் எறங்கியிருக்கான். எரியிற வீட்டுல பிடுங்குனது லாபம்!

இன்னொரு சைபரு உண்டு. கான்கார்டு. 1976லேருந்து அதுல ஒரு பயணி செத்ததில்ல. 2000 ஜூலை 25, பாரிசு. முன்னால போன வேற பிளேனுலேருந்து விழுந்து கெடந்த தகடு ஒண்ணு டயரக் கிழிச்சுது. 113 பேரு போயிட்டாவ. கணக்குல மொத எடத்துல இருந்தது ஒரே நாளுல கடைசிக்கு வந்துட்டு. ஏன்? பயணி ஏத்துனதே 14 பிளேனு. பறந்ததே கொஞ்சம். பரீட்ச எழுதவே போகாதவன் நான் ஃபெயிலானதே இல்லன்னு மாரு தட்டுன மாதிரிலா இருக்கு?

குலம் பாக்கியே, போயிங் 737 குலத்தப் பாரு. அதுல என்ஜி ரகம் ஆயிரக்கணக்குல ஓடுது. விழுந்ததும் உண்டு, செத்ததும் உண்டு. ஆனா எத்தன தடவ பறந்ததுக்கு எத்தன விபத்துன்னு வகுத்துப் பாத்தா, பயப்பட ஒண்ணுமில்ல. அதே குலத்துல அடுத்துப் பொறந்தது மேக்ஸ். 2018லயும் 2019லயும், அஞ்சு மாசத்துக்குள்ள ரெண்டு விழுந்து 346 பேரு. மூக்கத் தானா கீழ அமுக்குற சாப்ட்வேரு ஒண்ணு வச்சானுவ. ஓட்டுறவன்கிட்ட அதப் பத்தி ஒழுங்காச் சொன்னானுவளா? இல்ல.

போயிங் 787லயும் 2011லேருந்து சைபருதான் இருந்துச்சு, அகமதாபாத்து விபத்து வரைக்கும். அதுல எனக்கு நையாண்டி வராதுப்பா. தாண்டிப் போவோம்.

ஜப்பான்ல ஹானெடா, 2024 ஜனவரி 2. எறங்குன ஏ350, ஓடுதளத்துல நின்ன கடலோரக் காவல்படை பிளேனுல மோதிட்டு. அந்தச் சின்ன பிளேனுல அஞ்சு பேரு போயிட்டாவ. பெருசுல 379 பேரு, எல்லாரும் பொழச்சாவ. மைக்கு வேலை செய்யல; மெகாபோன எடுத்துக் கத்துனாவ. எட்டு வாசல்ல மூணுதான் எறங்கத் தோது. பைய விடுன்னாவ, விட்டுட்டுப் போனாவ. பிளேனு சாம்பலாச்சு. ஆனா ஏ350க்கு அந்த சைபரு அப்படியே நிக்கி.

நீ பாத்துப் பாத்து ஏ350ல எடம் புடிப்ப. கடைசி நேரத்துல கம்பெனிக்காரன் வேற ஒண்ணக் கொண்டாந்து நிப்பாட்டுவான். அப்ப என்ன செய்வ, வீட்டுக்குத் திரும்பிருவியா? பேசாம ஏறு. ஏறுனதும் காதுல செருகுன குமிழக் கழட்டு. அந்தப் பிள்ள முன்னால நின்னு வாசலக் காட்டும்லா, அதப் பாரு. ஒன் சீட்டுலேருந்து வாசலுக்கு எத்தன வரிசைன்னு எண்ணிக்கோ. பொகையில கண்ணு தெரியாது, கையாலதான் தடவி எண்ணணும். எந்திரின்னா எந்திரி. பையத் தொடாத. அப்படி என்னலே அதுக்குள்ள கெடக்கு? ரெண்டு பேண்டு, ஒரு சார்ஜரு, ஒங்க அம்மை சுத்திக் குடுத்த கைமுறுக்கு. முறுக்கு நான் வேற சுடச் சொல்லுதேன், போ.